பம்ப் ஓடுகிற வரைக்கும்

ஜனவரி 12, திங்கள்

பேரிங்குக்கு கிரீஸ் வைத்த கை இன்னும் வழுக்குகிறது. பேனா விரலில் நிற்க மாட்டேன் என்கிறது.

காலையில் பம்ப் அறைக்குப் போகும்போது, கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் நாலைந்து பேர் வாசலில் குந்திப் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கண்ணும் கால்வாயில்தான். சுரங்கத்துக்குள் ஊறுகிற தண்ணீரைப் பெரிய பம்ப் வெளியே தள்ளும். அது இந்த வீடுகளை ஒட்டித்தான் ஓடிப்போகும். போன மழைக்காலத்தோடு தோண்டுகிற வேலையை நிறுத்திவிட்டார்கள். "தற்காலிகம்" என்று சொல்லி அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் இருப்பது மேனேஜர், இரண்டு வாட்ச்மேன், பம்ப் பார்க்கிற நான். பம்ப் நின்றால் சுரங்கம் முழுகிவிடும். முழுகினால் அப்புறம் யார் வந்தாலும் திறக்க முடியாது. பம்ப் ஓடுகிறது என்றால் திறக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அதுதான் ஊர்க்கணக்கு.

மச்சான் சாயங்காலம் வந்தான். என் பெண்டாட்டியின் தம்பி. உள்ளே பாறையில் துளை போடுகிற வேலை அவனுக்கு. இப்போது வேலை இல்லை. டீயைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேட்டான், "இன்னிக்கு எப்படி ஓடுது மாமா?"

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரை விசாரிக்கிற மாதிரி. "நல்லா ஓடுது, உன்னைக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு" என்றேன். சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்று இவள் அப்புறம் சொன்னாள்.

ஜனவரி 16, வெள்ளி

சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் மாநில வேலைவாய்ப்பு அறிக்கை சொன்னார்கள். "சுரங்கம் மற்றும் மரவெட்டுத் துறையில் வேலைவாய்ப்பு மாற்றமின்றி நிலையாக உள்ளது."

சலூன்காரர் கத்திரியை நிறுத்திவிட்டுக் கேட்டார், "நிலையாவா? என் கடை ஈ ஓட்டுதே, அது அவங்களுக்குத் தெரியாதா?"

எனக்குப் புரிந்தது. சுரங்கத்தில் இத்தனை பேரை வெளியே தள்ளினார்கள். மலைமேல் காட்டில் மரம் வெட்டுகிற கான்ட்ராக்டர் ஆள் எடுத்தார். இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கூட்டினால் மாற்றம் இல்லைதானே. இங்கே ஒருத்தன் நடுத்தெருவுக்கு வந்தான், அங்கே இன்னொருத்தன் மரத்தடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கூட்டல் சரியாக வந்துவிட்டது. இந்தக் கணக்குப் போடுகிறவரை ஒரு நாள் எங்கள் லைனில் குடியிருக்கச் சொல்ல வேண்டும்.

பின்கழுத்தில் கோணலாக வெட்டிவிட்டார். ரேடியோ மேலிருந்த கோபம்.

ஜனவரி 23, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

சுரங்கம் திறக்காது. மேலிடத்தில் முடிவெடுத்தாயிற்று. கீழே இருக்கிற இயந்திரங்களை எல்லாம் பிரித்து வெளியே கொண்டுவர வேண்டும்; அதுவரைக்கும் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பம்ப். கடைசி இயந்திரம் வெளியே வந்ததும் நிறுத்திவிடலாம்.

"வெளிய தெரிஞ்சா கேட்டை மறிச்சிடுவாங்க. ஒரு நட்டுகூட வெளிய போகாது. நீங்க நம்ம ஆளுன்னுதான் சொல்றேன்" என்றார். அப்புறம், வடக்கே அவர்களுடைய இன்னொரு சுரங்கத்துக்கு ஒரு பம்ப் ஆள் வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்த வேலை எனக்கு. குவார்ட்டர்ஸ் உண்டு.

சரி என்று சொன்னேனா? தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். எழுந்திருக்கும்போது நாற்காலியைத் தட்டிவிட்டேன். அவரே எடுத்து நிமிர்த்தி வைத்தார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 24, சனி

சோறு இறங்கவில்லை. "உடம்பு சரியில்லையா" என்றாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பிரிக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள், ஒரே நிறத்தில் புதுச் சட்டை. ஊர் என்ன நினைத்தது தெரியுமா? இயந்திரங்களைச் சர்வீஸ் பண்ண வந்திருக்கிறார்களாம். திறப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் பண்ணுவது வழக்கம்தானே, அப்படியாம்.

டீக்கடைக்காரர் அவர்களிடம் காசு வாங்கவில்லை. "நம்ம சுரங்கத்தைத் திறக்க வந்த பிள்ளைங்க" என்கிறார். அந்தப் பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள். அவர்கள் வாயையும் கட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள் போல.

நானும் பக்கத்தில் நின்று குடித்தேன். என் வாயும்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மரக் கான்ட்ராக்டரின் ஆள் வந்திருக்கிறார். மளிகைக் கடை மாடியில் அறை எடுத்துத் தங்கி ஆள் சேர்க்கிறார். இருபத்து மூன்றாம் தேதி காலையில் லாரி. மலைமேல் ஷெட்டில் தங்கி வெட்டவேண்டும். இந்த லாரியை விட்டால் மழைக்காலம் முடிந்துதான் அடுத்தது என்று சொல்கிறார்.

மத்தியானம் மச்சான் வீட்டில் சாப்பிட்டோம். தங்கச்சிக்கு, அதாவது மச்சானின் மனைவிக்கு, எட்டாவது மாதம். மூச்சு வாங்கிக்கொண்டே பரிமாறினாள். உட்கார் என்றால் கேட்கவில்லை.

இவள்தான் பேச்சை எடுத்தாள். "லாரியில ஏறலாமில்ல தம்பி? நாலு மாசமோ ஆறு மாசமோ."

"எதுக்குக்கா? மேல போய் ஒருத்தன் இடுப்பொடிஞ்சு வந்து கெடக்கறான். இங்க பம்ப் ஓடுது, சர்வீஸ் ஆளுங்க வந்துட்டாங்க. நான் அங்க மரம் வெட்டிக்கிட்டு இருக்கறப்ப இங்க திறந்து, என் இடத்துல வேற எவனையாவது போட்டுட்டா?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "என்ன மாமா, நான் சொல்றது சரிதானே?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "உன் இஷ்டம்" என்றேன். உன் இஷ்டமாம். பெரிய மனுஷன் பேச்சு.

பிப்ரவரி 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். இல்லை, சொல்லவில்லை. என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, ஒழுங்காக எழுதுகிறேன்.

மச்சானைப் பம்ப் அறைக்கு வரச் சொன்னேன். வெளியே போனால் சத்தம் குறையும், யாராவது கேட்பார்கள் என்று மோட்டார் பக்கத்திலேயே நிறுத்தி அவன் காதுக்குள் சொன்னேன்: "லாரியில ஏறிடு மச்சான். இது ரொம்ப நாள் ஓடாது."

"ஏன்? மோட்டார்ல ஏதாவது?"

"மோட்டார் இல்ல. நிறுத்திடுவாங்க."

அவன் முகம் மாறியது. "ஆபீஸ்ல சொன்னாங்களா மாமா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆமாம் என்று சொன்னால் அவன் பெண்டாட்டியிடம் சொல்வான், அவள் பக்கத்து வீட்டில் சொல்வாள், விடிந்தால் கேட்டில் கூட்டம். மேனேஜருக்கு யார் சொன்னது என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு நாற்பத்தெட்டு வயது. முழங்கால் மடங்காது. மரம் வெட்ட என்னை யார் எடுப்பார்கள்?

"இல்ல. எனக்குத் தோணுது" என்றேன்.

அவன் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "உங்களுக்குத் தோணுதா. வேலை இருக்கறவங்களுக்கு என்னென்னமோ தோணும் மாமா. தினம் உங்க வீட்டுல வந்து டீ குடிக்கறது உறுத்துதுன்னா நேரா சொல்லிடுங்க."

போய்விட்டான். முக்கால் பொய்யோடு கால் உண்மையைக் கலந்து கொடுத்தால் யார்தான் குடிப்பார்கள்?

பிப்ரவரி 14, சனி

எதிர்பார்த்ததுதான். இவள் காதுக்குப் போய்விட்டது.

"என் தம்பிய மலைக்குத் துரத்திட்டு நீங்க இங்க என்ன பண்ணப்போறீங்க? அவன் பொண்டாட்டி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கறா. உங்க கண்ணுல படலையா?"

சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எங்கே போவது? பம்ப் அறைக்குத்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மச்சான் டீக்கு வரவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

மேனேஜரிடம் கேட்டேன். அந்த வடக்குச் சுரங்கத்தில் என் மச்சானுக்கும் ஒரு இடம். எந்த வேலையானாலும் சரி, பெருக்குகிற வேலையானாலும். "ஒரு இடம்தான். உங்களுக்கே நான் சண்டை போட்டு வாங்கினது" என்றார். அப்படியானால் என் இடத்தை அவனுக்குக் கொடுங்கள் என்றேன். "அவருக்குப் பம்ப் தெரியுமா?" தெரியாது. "அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை.

லாரிக்கு நாலு நாள் இருக்கிறது. வாயால் சொல்ல எனக்குத் துப்பில்லை. வேறு எப்படி? ஊர் நம்புவது என்னையும் இல்லை, மேனேஜரையும் இல்லை. சத்தத்தைத்தான் நம்புகிறது. அப்படியென்றால் —

இதை எழுதலாமா? எழுதுகிறேன். சத்தத்தை நிறுத்திவிட்டால்?

பிப்ரவரி 22, ஞாயிறு

ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

பிரிக்கிற ஆட்களுக்கு இன்று லீவு. கீழே யாரும் இல்லை என்று வாட்ச்மேனிடம் இரண்டு தடவை கேட்டேன். ஒரு நாள் நின்றால் அடிமட்டத்தில் முழங்கால் தண்ணீர் ஏறும், அவ்வளவுதான். காலைச் சாப்பாடு முடிந்ததும் போய் சுவிட்சை அணைத்தேன். மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங்கில், பிடிப்புக்காக வட்ட வட்டமான ரப்பர் புஷ் எட்டு இருக்கும். எல்லாவற்றையும் உருவித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டேன். நல்ல புஷ், இன்னும் ஒரு வருஷம் வந்திருக்கும். அப்புறம் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சத்தம் நின்றதில் எனக்கே காது அடைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கால்வாயில் தண்ணீர் மெலிந்துகொண்டே வந்து பாசி தெரிந்தது. யாரோ ஒரு குழந்தையை அதட்டி உள்ளே அனுப்பினார்கள். பிறகு ஏறி வர ஆரம்பித்தார்கள், ஆண்கள், பெண்கள், எல்லோரும்.

மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். "புஷ் போயிடுச்சு. ஸ்பேர் இல்ல. ஆபீஸ்ல இனிமே வாங்கித் தரமாட்டாங்க."

ஒரு அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மச்சான் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான், திரும்பி இறங்கினான். நேராக மளிகைக் கடைப் பக்கம். மாடிப்படி ஏறுவது இங்கிருந்தே தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒரு மாதத்தில் முதல்தடவையாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் இறங்கினார்கள்.

அப்போதுதான் ஸ்பேனர் அண்ணன் வாயைத் திறந்தார். அவர் பழைய ஃபிட்டர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும், அதனால் அந்தப் பெயர். கப்ளிங்குக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? புஷ்ஷுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே?"

விடுவிடென்று இறங்கி வீட்டுக்குப் போனார். வாசலில் கிடந்த கால்மிதியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

எங்கள் லைனில் எல்லா வீட்டு வாசலிலும் அதுதான் கிடக்கும். கனிமம் ஏற்றிவருகிற கன்வேயர் பெல்ட் தேய்ந்தால் வெட்டி எறிவார்கள். அதில் ஒரு துண்டை ஆளாளுக்குக் கொண்டுவந்து மிதியடியாகப் போட்டிருக்கிறோம். விரல் தடிமன் ரப்பர், நடுவில் நூல். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? என் வீட்டு வாசலிலும்தானே கிடக்கிறது?

அவ்வளவுதான், ஆளுக்கொரு மிதியோடு வந்துவிட்டார்கள். யாருடைய மிதி கெட்டி என்று சண்டை. "எங்க வீட்டுது பதினெட்டு வருஷமா மிதிபடுது, ஓரம்கூட நையல" என்று ஒரு அம்மா. "உங்க வீட்டுக்கு யாரு வந்தாங்க மிதிக்க" என்று இன்னொரு அம்மா. சிரிப்பு. போன மழைக்காலத்துக்கு அப்புறம் இந்த ஊர் இப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. கத்தி வந்தது, அடுப்பில் பழுக்கக் காய்ச்சின கம்பி வந்தது. வட்டம் வட்டமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, கம்பியால் துளை போட்டார்கள். ரப்பர் கருகுகிற நாற்றத்தில் கண் எரிந்தது.

"அளவு சரியா வராது. ஆட்டம் கொடுக்கும். மோட்டார் எரிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"நீ சும்மா இருப்பா. விளக்கைப் பிடி" என்றார் ஸ்பேனர் அண்ணன். பிடித்தேன்.

யாரோ ஓடிப்போய் மச்சானிடம் சொல்லியிருக்கிறார்கள். மூச்சிரைக்க மேலே வந்தான். "பேரைக் கொடுத்துட்டேன் மாமா. இப்ப அதை அடிச்சிடச் சொல்லிட்டு வந்துட்டேன்." சட்டைக் கையை மடக்கிவிட்டு அவனும் உள்ளே நுழைந்தான். கடைசி இரண்டு புஷ்ஷை அவன்தான் தட்டிச் சேர்த்தான். இறங்கின மற்ற நாலு பேரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"ம், போடு" என்று என்னைப் பார்த்தார்கள்.

சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். இப்போ சொல்லு. இப்பவாவது சொல்லித் தொலை. வாய் இருக்குல்ல? எதிரில் அத்தனை முகம், அத்தனை கரி பிடித்த கை. வடக்குச் சுரங்கம், குவார்ட்டர்ஸ், நாற்பத்தெட்டு வயது, முழங்கால். கை தானாகப் போய் சுவிட்சைத் தட்டியது.

ஓடியது. கொஞ்சமும் ஆட்டம் இல்லாமல் ஓடியது. கால்வாயில் தண்ணீர் வந்ததும் கீழே பிள்ளைகள் கத்தியது இங்கே கேட்டது.

மச்சான் என்னைக் கட்டிக்கொண்டான். "உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் மாமா. மனசுல வெச்சுக்காதீங்க." அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

பிப்ரவரி 23, திங்கள்

லாரி போய்விட்டது. எங்கள் லைனிலிருந்து, முன்பே பேர் கொடுத்திருந்த மூன்றே பேர். மீதி இடம் காலியாகப் போயிற்று. ஏறின மூன்று பேரையும் பார்த்துக் கீழே நின்றவர்கள் பரிதாபப்பட்டார்கள்.

மச்சான் டீக்கு வந்தான். இரண்டு தம்ளர் குடித்தான்.

மார்ச் 9, திங்கள்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். இவள் தம்பி வீட்டிலேயே இருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். கண்ணைத் திறக்கவில்லை. "உங்க மாமா பம்ப் ஓட்டறாரு, நீ நிம்மதியா தூங்கு" என்றான் மச்சான்.

மார்ச் 13, வெள்ளி

மறுபடி ரேடியோ. சுரங்கம் மற்றும் மரவெட்டுத் துறையில் வேலைவாய்ப்பு சற்று உயர்ந்திருக்கிறதாம். எப்படி உயரும்? யோசித்தால் ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது: பிரிக்க வந்த ஆட்களையும் சுரங்கத் தொழிலாளி என்று எண்ணியிருப்பார்கள். புதைக்க வந்தவனையும் வீட்டு ஆள் கணக்கில் சேர்த்த மாதிரி.

டீக்கடையில் அந்தச் செய்தியைக் கேட்டுக் கை தட்டினார்களாம்.

மார்ச் 17, செவ்வாய்

இயந்திரம் ஏற்றின கடைசி லாரி, தார்ப்பாய் மூடி, மத்தியானம் போயிற்று. பட்டறைக்குச் சர்வீசுக்குப் போகிறது என்றே ஊர் நினைக்கிறது. நாளைக் காலையில் நிறுத்திவிடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இன்று ராத்திரியே அவர் காரில் கிளம்புகிறார். கை கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

மார்ச் 18, புதன்

நிறுத்தினேன்.

வந்தார்கள். மிதியோடு வந்தார்கள். ஸ்பேனர் அண்ணன் போன தடவை மிஞ்சினதில் இன்னும் எட்டு புஷ் வெட்டித் தயாராகவே வைத்திருந்தாராம், துணியில் முடிந்து எடுத்து வந்தார். "தேயும்னு எனக்குத் தெரியும்" என்றார். மச்சான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டே வந்தான்.

வழியை மறித்து நின்றேன்.

"புஷ் போகல. ஆபீஸ்ல நிறுத்தச் சொன்னாங்க. உள்ள ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்குத்தான் இவ்வளவு நாள் ஓட்டினது."

சொல்லி முடித்தபோது இவ்வளவுதானா என்று இருந்தது. எவ்வளவு சின்ன விஷயம் வாயால் சொல்வது.

யாரோ மேனேஜரைத் தேடி ஆபீசுக்கு ஓடினார்கள். பூட்டியிருந்தது. ஸ்பேனர் அண்ணன் துணி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மச்சான்தான் கேட்டான். "உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?"

"ஜனவரில."

"லாரிக்கு முன்னாடியே."

"அதுக்குத்தான் மச்சான் அன்னிக்கு உன்னைக் கூப்பிட்டு... அன்னிக்கு ஞாயித்துக்கிழமை நானே புஷ்ஷை உருவிப் போட்டு..."

"தோணுதுன்னு சொன்னீங்க" என்றான். "ஆபீஸ்ல சொன்னாங்களான்னு கேட்டேன். தோணுதுன்னு சொன்னீங்க."

இவள் கூட்டத்தில் நின்றிருந்தாள், தம்பி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நிற்கவே இல்லை. திரும்பி நடந்தாள். எல்லோரும் போனார்கள். அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 21, சனி

மச்சான் கிடைத்த வண்டியைப் பிடித்து மலைக்குப் போய் வந்திருக்கிறான். ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அங்கே புதிதாக ஒரு இயந்திரம் இறக்கியிருக்கிறார்கள். மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, துண்டு போட்டு அடுக்கிவிடுகிறதாம், ஓட்டுகிறவன் ஒருத்தன் போதும். முன்னால் வந்து சேர்ந்தவர்களை மட்டும் சங்கிலி கட்ட, ரோடு போட என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூன்று பேரும் வேலையில் இருக்கிறார்கள்.

இதை எனக்குச் சொன்னது சலூன்காரர். முடியை நேராக வெட்டினார், என்னோடு வேறு பேச்சு பேசவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கால்வாய் காய்ந்து நாறுகிறது.

மார்ச் 27, வெள்ளி

இவள் பேசுகிறாள். சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன், விளக்கை அணைத்துவிடுங்கள், இப்படி. இன்று நானாகக் கேட்டேன், கோபமா என்று.

தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "கோபப்பட்டு என்ன ஆகப்போகுது? நீங்க அவன்கிட்ட சொல்லலன்னாகூட பரவாயில்ல. பயம், வாயைத் திறக்கலன்னு விட்டிருப்பேன். என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? பக்கத்துலதானே படுத்திருந்தேன். துரத்தறீங்களான்னு கேட்டேன். அப்பக்கூட சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனீங்களே."

"உன்கிட்ட சொன்னா நீ அவன்கிட்ட சொல்லுவ."

"ஆமாம். சொல்லியிருப்பேன். அவன் அந்த லாரில போயிருப்பான்."

மறுபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். நம்ம ரெண்டு பேருக்காகத்தான் செஞ்சேன்னு சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். நிஜம்தானா அது? எனக்காகத்தானே?

வடக்கிலிருந்து தகவல் வந்துவிட்டது. ஆறாம் தேதி வேலையில் சேர வேண்டும். சாமான் ஏற்ற கம்பெனியே வண்டி அனுப்புகிறது. சொன்னேன். "சரி" என்றாள். அவள் சரி என்று சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

மூட்டை கட்ட ஆரம்பித்திருக்கிறாள். ஸ்பேனர், சுத்தியலைச் சுற்றப் பழைய துணி வேண்டும் என்றேன், கொடுத்தாள். அங்கே போனால் சரியாகிவிடும். புது இடம், கொஞ்ச நாள் ஆனால் மச்சானையும் அங்கே எப்படியாவது நுழைத்துவிடலாம். காலில் விழுந்தாவது கேட்பேன். நாளைக்கு அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஏப்ரல் 3, வெள்ளி

போனேன். கதவைத் தங்கச்சி திறந்தாள். "அவர் தூங்கறாருண்ணா" என்றாள். உள்ளே அவன் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

ஏப்ரல் 4, சனி

வண்டி காலையிலேயே வந்துவிட்டது. ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேர், ஒரு டிரைவர். நான் மின்சாரக் கம்பியைக் கழற்றிக்கொண்டு பின்கட்டில் இருந்தேன். அவள் முன்னால் நின்று எதை ஏற்றுவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படித்தான் எப்போதும், இந்த வீட்டுக்கு வந்தபோதும் அவள்தான் சொன்னாள், நான் தூக்கினேன்.

"பீரோ இருக்கட்டும். அது கீழ நிக்கட்டும். அந்தச் சின்னக் கட்டிலை ஏத்துங்க. அடுப்பு சின்னது. இல்ல, பெரிய பானை வேணாம், அந்தக் குட்டிப் பானை போதும். தட்டு ஒண்ணு."

ஒரு தட்டு போதுமா, வழியில் சாப்பிடத்தானே எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே கம்பியைச் சுற்றினேன். மனுஷன் எதைத்தான் நினைத்துக்கொள்ள மாட்டான்.

டிரைவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் கேட்டார்: "அம்மா, முன்னாடி சீட்ல நீங்க ஏறிக்கறீங்களா? அவர் பின்னாடி சாமானோட வரட்டும்."

"நான் வரல தம்பி" என்றாள். "அவர் ஒருத்தர்தான். முன்னாடியே உக்காத்தி வெச்சுக்குங்க, முழங்கால் மடங்காது."